மாமி எண்ணிய ஈக்கள்

ஐப்பசி மழையில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மேசைகள் மட்டும்தான் அடி வாங்கின. மறுநாள் வந்த பொறியாளர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வேலை முடிகிறவரை யாரும் உள்ளே போகக் கூடாது, கதவைப் பூட்டுங்கள் என்றார். பூட்டுவதற்கு முன்னால் நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"என் ஈக்களை மட்டும் எடுத்துக்கிறேன் சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் நினைத்தால் சிரிப்பு வரும். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி, பஞ்சு அடைத்த கண்ணாடிக் குப்பிகளை இரண்டு பைகளில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவை பழ ஈக்கள். வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டால் பழுக்கும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தச் சிவப்புக் கண் பொடி ஈக்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அப்போது இருந்தது நானும் என் மாமியாரும்தான். என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மாமியாரை மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமி பைகளைத் திறந்து பார்த்தார்.

"என்ன புள்ள இது? காலேஜுல இருந்து ஈ புடிச்சுக்கிட்டு வந்திருக்க?"

"கொஞ்ச நாளைக்குத்தான் மாமி. அங்க வச்சா செத்துப் போயிரும்."

"நான் ஈ ஓட்டுறதுக்குன்னே விசிறி வச்சிருக்கேன். நீ குடி வைக்கிற" என்றார். ஆனால் அவரே உள்ளறை அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால், சமையல் பண்டாரி கடைசியில் மாமியைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். மாமி வந்து பிரியாணி வேகும் தேக்சாவின் பக்கத்தில் நிற்பார். வாயில் எதையும் வைக்க மாட்டார். மூடியைத் திறக்கச் சொல்லி ஒரு மூச்சு இழுப்பார். "இஞ்சியில பச்சை வாசம் இன்னும் போகல. கொஞ்சம் பொறுத்து தம் போடுங்க" என்பார். அவ்வளவுதான். பெரிய பெரிய பண்டாரிகள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அந்த வருடம் கோடையில் மாமிக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசனையையும் எடுத்துக்கொண்டு போனது. பால் திரிந்தது தெரியவில்லை, சோறு அடிப்பிடித்தது தெரியவில்லை. அத்தர் குப்பியை மூக்கில் வைத்தாலும் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது என்றார். நரம்பு மெல்லத் திரும்பலாம், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு யாராவது கல்யாணச் சமையலுக்குக் கூப்பிட்டால் முட்டி வலி என்று சொல்லி அனுப்பிவிடுவார். உண்மையான காரணத்தைத் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. அடுப்படியை என்னிடம் விட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார்.

ஈக்களுக்கு நான் தீவனம் காய்ச்சும்போதுதான் அவர் மறுபடியும் அடுப்படிக்குள் வந்தார். மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட் எல்லாம் கொதித்ததும் கெட்டியாவதற்காகக் கடல்பாசி சேர்ப்போம். நோன்பு திறக்கும்போது ரோஸ் நிறத்தில் துண்டு போட்டு வைப்போமே, அதே கடல்பாசிதான்.

"இது ஈக்கா?" என்றார் மாமி.

"ஆமா மாமி."

"நம்மளவிட நல்லாத் திங்குது."

என்னுடைய திட்டம் இதுதான். பழ ஈயை வைத்து எங்கள் மாணவிகள் வழக்கமாகச் செய்கிற பயிற்சியெல்லாம் கண் சிவப்பா வெள்ளையா, இறக்கை நீளமா குட்டையா என்று பார்ப்பதோடு முடிந்துவிடும். ஈ கற்றுக்கொள்கிறது, கற்றதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்கு வெளியூர் போனபோது அங்கே அதைக் கண்ணாடிக் கருவிகளில் செய்து காட்டினார்கள். எங்கள் ஊரிலும் செய்யலாமா என்று கேட்டேன். "இதெல்லாம் சின்ன ஊர்ல கஷ்டம் மேடம், விட்டுடுங்க" என்றார் அங்கிருந்தவர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் காரைக்கால்காரியிடம் அப்படிச் சொல்லக் கூடாது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே எந்தக் குழாயை எங்கே வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆய்வகம் பூட்டியதும் இரண்டு மாணவிகள் எங்கள் வீட்டுக்கு வந்து வேலை செய்ய முன்வந்தார்கள். ஒருத்தி நெரவியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். இன்னொருத்தி கிளிஞ்சல்மேட்டுப் பெண். அவள் அப்பாவுக்கு மீன்பிடிக்கிற ஃபைபர் படகு இருக்கிறது. எந்தக் குழாய் எங்கே கசிந்தாலும் அவள் கை அங்கே போய்விடும். மீன்தொட்டிக் கடையில் காற்றுப் பம்பும் டி வடிவ இணைப்பும் வாங்கினோம். ஊசி மருந்து வரும் பிளாஸ்டிக் குழல்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் பொருத்தி உள்ளறைக்குக் கொண்டுபோனோம். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஒரு பல்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினோம். ஈக்குச் சிவப்பு வெளிச்சம் கிட்டத்தட்ட இருட்டு. நமக்குக் கண் தெரியும், அதற்கு மூக்கு மட்டும்தான் துணை.

"ஈக்கு மூக்கு எங்க இருக்கு?" என்று வாசலில் நின்றபடி கேட்டார் மாமி.

"தலையில ரெண்டு சின்னக் கொம்பு இருக்கு பாருங்க மாமி, அதுலதான் மோந்து பார்க்கும்" என்றாள் கிளிஞ்சல்மேட்டுப் பெண். நான் கூப்பிடுவதைப் பார்த்து அவர்களும் அவரை மாமி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பாடம் மிகவும் எளிது. முந்தின நாளிலிருந்து ஈக்களைப் பட்டினி போட வேண்டும்; ஈரக் காகிதம் மட்டும் உண்டு. பிறகு ஒரு குழலுக்குள் விட்டு அன்னாசி எசன்ஸ் வாசனையைக் காற்றில் அனுப்ப வேண்டும். அந்தக் குழலில் சர்க்கரை தடவிய காகிதம் இருக்கும். அடுத்து இன்னொரு குழலில் பாதாம் எசன்ஸ் வாசனை; அங்கே சர்க்கரை கிடையாது. பாடம் அத்துடன் முடிந்தது. இப்போது ஈக்களை டி வடிவக் குழாயின் நடுவில் விட்டால், ஒரு பக்கம் அன்னாசி, ஒரு பக்கம் பாதாம். இரண்டு பக்கமும் சர்க்கரை இல்லை. ஈ எந்தப் பக்கம் போகிறது? கற்றுக்கொண்டிருந்தால் அன்னாசிப் பக்கம் அதிகம் போக வேண்டும். அன்னாசி அதற்கு இயல்பாகவே பிடித்துவிட்டதோ என்ற சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக, இன்னொரு கூட்டத்துக்குப் பாதாமோடு சர்க்கரை கொடுப்போம். கடைசியில் குழல்களை ஐஸ்கட்டி மேல் வைத்தால் ஈக்கள் மயங்கி விழும். வெள்ளைத் தட்டில் கொட்டித் தூரிகையால் எண்ணலாம்.

முதல் வாரமே ஈக்கள் பாடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன என்று நாங்கள் மூவரும் குதித்தோம். நான் ஷார்ஜாவுக்கே போன் போட்டுச் சொன்னேன். ஆனால் நெரவிப் பெண்ணுக்கு மனம் ஒப்பவில்லை. ஒருநாள் அவளும் நானும் ஒரே குழாயின் ஈக்களைத் தனித்தனியாக எண்ணினோம். இருவருக்கும் வேறு வேறு கணக்கு வந்தது.

"மேம், நடுவுல இணைப்புல ஒட்டிக்கிட்டு நிக்கிற ஈ இருக்குல்ல, அத நீங்க சர்க்கரைப் பக்கத்துல சேர்த்துட்டீங்க" என்றாள்.

"அந்தப் பக்கந்தானே நகர்ந்துச்சு?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது மேம். ஆனா அது சர்க்கரைப் பக்கம்னு தெரிஞ்சதாலதான் தோணுதோன்னு பயமா இருக்கு."

அவள் சொன்னது சரி. எண்ணுகிறவருக்கு எது எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது. குழலில் பெயருக்குப் பதில் சிவப்பு நூலும் பச்சை நூலும் கட்டிப் பார்த்தோம். பஞ்சை எடுத்ததும் அன்னாசி வாசனை குப்பென்று வரும். நூலுக்கு என்ன மரியாதை? ஐந்து நிமிடம் காற்றாட வைத்தால் ஈக்கள் விழித்துக்கொள்ளும். மூவரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரு யோசனை வராமல் இல்லை. ஆனால் அதை எப்படி வாய் திறந்து கேட்பது? தெருவுக்கே மறைத்து வைத்திருக்கிற விஷயம்.

வாசலிலிருந்து மாமியின் குரல் வந்தது.

"வாசம் தெரியாத ஆளுதானே வேணும்? எனக்குத்தான் மூக்கே இல்லையே. இங்க கொண்டா தட்டை."

மாணவிகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதுவரை விஷயம் தெரியாது. மாமி உள்ளே வந்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ரவையில வண்டு பொறுக்கினவ நான். இத எண்ண மாட்டேனா? எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னோம். நெரவிப் பெண் வாசனைகளை அமைத்து நூல் கட்டிக் கொடுப்பாள். எந்த நூல் எந்த வாசனை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் உள்ளறையிலேயே இருந்துவிடுவாள். மாமி கூடத்தில் உட்கார்ந்து எண்ணுவார். நடுவில் நிற்கிற ஈயை எந்தப் பக்கமும் சேர்க்காமல் தனியாக ஒதுக்குவார். அன்று மாமி தூரிகையைப் பிடித்த விதம் இருக்கிறதே! கல்யாண வீட்டில் கரண்டியைக் கையில் வாங்குகிற அதே கம்பீரம். ஒரு தட்டை இரண்டு முறை எண்ணி, இரண்டும் ஒத்து வந்தால்தான் வாய் திறந்து சொல்வார். பக்கத்தில் யாராவது பேசினால் கையை உயர்த்துவார்.

அன்று மாலை என் கணவர் போன் செய்தார். "உம்மா என்ன பண்றாங்க?"

"ஈ எண்ணிக்கிட்டிருக்காங்க."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பதறினார் மனிதர்.

மாமியின் கணக்கு எங்கள் சந்தோஷத்தைக் கவிழ்த்துப் போட்டது. சிவப்பு நூல், பச்சை நூல் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். மறுநாளும் சமம். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. எங்கள் ஈக்கள் எதையுமே கற்றுக்கொள்ளவில்லை. நாங்கள்தான் எங்கள் ஆசைக்கு எண்ணியிருக்கிறோம்.

மாமியின் முகம் சுருங்கிவிட்டது. "நான் தப்பா எண்ணிட்டேனா புள்ள?"

"இல்ல மாமி. நீங்கதான் சரியா எண்ணியிருக்கீங்க. தப்பா எண்ணுனது நாங்க."

அதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் அதற்கு மேல் ஒரு நிம்மதியும் இருந்தது. பொய்யான ஒன்றை வெளியே சொல்லாமல் தப்பித்தோம். கிளிஞ்சல்மேட்டுப் பெண் பம்பைப் பிரித்துப் பார்த்தாள், குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு தேடினாள். எல்லாம் சரியாக இருந்தது. எசன்ஸை இன்னும் நீர்க்க வைத்துப் பார்த்தோம். பலன் இல்லை. கடைசியில் பட்டினிக் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள், "மேம், ஈயோட வயிறெல்லாம் உப்பியிருக்கு" என்றாள். ஈரக் காகிதத்தின் மூலையில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். வெல்லம்.

மூவரும் மாமியைப் பார்த்தோம்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றார் முதலில். பிறகு, "நம்ம வூட்ல இருக்கிற உசுரு பட்டினி கெடக்குறதப் பாத்துக்கிட்டு நான் எப்படி சோறு திங்கிறது? காகிதத்துல ஒரு சொட்டு வெல்லப்பாகு தடவினேன். அது ஒரு குத்தமா?" என்றார்.

நெரவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். ஈயின் மூளை கசகசாவில் ஒரு துளி இருக்கும். அதற்குள் காளான் வடிவத்தில் ஒரு பகுதி. ஒவ்வொரு வாசனைக்கும் அங்கே சில நரம்பணுக்கள் மட்டும் விழித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சர்க்கரை கிடைத்தால் டோபமைன் என்ற சாறு ஊறி, இந்த வாசனை நல்லது என்று அந்த இடத்து இணைப்புகளை மாற்றி வைக்கும். ஞாபகம் என்பது அந்த மாற்றம்தான். ஆனால் வயிறு நிரம்பிய ஈ சர்க்கரையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது, கற்றிருந்தாலும் தேடிப் போகாது.

மாமி ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "அது சரிதான்" என்றார். "நோன்பு வச்சிருக்கும்போது அஞ்சு வீடு தள்ளிக் கஞ்சி காய்ச்சினாலும் நமக்குத் தெரியும். நோன்பு தொறந்த பொறவு நம்ம வூட்டு அடுப்புல இருக்கிறதே தெரியாது."

இதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அந்த வரியை அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும் சொல்கிறேன், யார் சொன்னது என்பதையும் சேர்த்து.

மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை ஈக்கள் உண்மையாகவே பட்டினி கிடந்தன. மாமி அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. "சீக்கிரம் முடிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பாடம் முடிந்து, குழல்கள் ஐஸில் உட்கார்ந்து, தட்டு மாமியின் முன்னால் வந்தது. தூரிகை நகர ஆரம்பித்தது. ஒரு தட்டில் ஈக்கள் எள் கொட்டியது போலக் குவிந்திருந்தன. இன்னொன்றில் அங்கொன்றும் இங்கொன்றும். மாமி இரண்டு முறை எண்ணினார்.

"பச்சையிலதான் கூட்டம். சிவப்புல ஆளே இல்ல" என்றார்.

உள்ளறையிலிருந்து நெரவிப் பெண்ணின் குரல் வந்தது. "மேம், பச்சைதான் சர்க்கரை வாசம்."

அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் பாதாமோடு சர்க்கரை கொடுத்திருந்தோம். அந்த ஈக்கள் பாதாமுக்குப் போயின. நூல்களை மாற்றிக் கட்டினோம், பக்கங்களை மாற்றினோம், மாமியின் கணக்கில் சர்க்கரை வாசத்தின் பக்கமே கூட்டம் வந்தது. ஈக்கள் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடி செய்தன. ஒரு கூட்டத்தை மறுநாள்வரை மறுபடியும் பாடம் எதுவும் கொடுக்காமல் வைத்திருந்து பார்த்தோம். ஒரே ஒரு முறை கிடைத்த சர்க்கரையை அவை அடுத்த நாளும் மறக்கவில்லை. கிளிஞ்சல்மேட்டுப் பெண் கையிலிருந்த குப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமி இரண்டு கைகளையும் ஏந்தி ஏதோ முணுமுணுத்தார். மீன்தொட்டிப் பம்பும் எசன்ஸ் பாட்டிலும் வைத்துக்கொண்டு, காரைக்காலில் ஒரு வீட்டு உள்ளறையில், ஒரு உயிர் கற்றுக்கொள்வதை நாங்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்த்துவிட்டோம். நான் வாழ்க்கையில் பல பரிசுகள் வாங்கியவள் இல்லை. அந்த மதியத்துக்கு ஈடாக எதையும் கேட்கவும் மாட்டேன்.

தை முடிவதற்குள் ஆய்வகம் தயாரானது. கல்லூரி அரங்கில் ஒரு அறிவியல் நாள் வைத்தார்கள். எங்கள் குழாய்களையும் கொண்டுபோய் வைத்தோம். வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை எல்லா மேசையையும் வேகமாகக் கடந்து வந்தவர், எங்கள் மேசையில் நின்றுவிட்டார். முதல் கேள்வியே, "எண்ணினது யாரு? அவங்களுக்கு எந்த வாசனைன்னு தெரியுமா?" என்பதுதான்.

"தெரிய வாய்ப்பே இல்ல மேம்" என்று சொல்லிவிட்டு நெரவிப் பெண் என் பக்கம் திரும்பினாள். நான் பின்வரிசையைப் பார்த்தேன். மாமி அங்கே புதுத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருடைய விஷயம், அவர்தான் சொல்ல வேண்டும்.

மாமி எழுந்தார். அந்த அரங்கில் எங்கள் தெருப் பெண்கள் பலர் இருந்தார்கள், பிள்ளைகள் படிப்பதால் வந்தவர்கள். "எனக்குக் காய்ச்சல்ல வாசம் போயிருச்சுங்க" என்றார் எல்லாருக்கும் கேட்கிற குரலில். "அதனாலதான் என்கிட்ட குடுத்தாங்க. மூணு பேரும் அவங்க இஷ்டத்துக்கு எண்ணிக்கிட்டிருந்தாங்க. நான் எண்ணினதுதான் சரியா வந்துச்சு."

அரங்கம் சிரித்தது, பிறகு கைதட்டியது. அந்தப் பேராசிரியை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி ஒருத்தங்க எங்க லேப்ல இல்லம்மா" என்றார். மாமி என் பக்கம் திரும்பி, "என் மருமக. இவதான் எல்லாம் பண்ணினது" என்று அறிமுகப்படுத்தினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமி என்னைப் பற்றி வெளியாரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. என் கண் கலங்கியதைக் குனிந்து பம்பைச் சரி செய்வதுபோல மறைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதங்களில் தினமும் காலையிலும் மாலையிலும் மாமி கிராம்பு, எலுமிச்சை, ரோஜா என்று சின்னக் குப்பிகளை முகர்ந்து பழகினார். டாக்டர் சொன்ன பயிற்சி அது. முன்பு சொன்னபோது செய்யாதவர், இப்போது விடாமல் செய்தார். ஈக்குச் சொல்லிக் கொடுப்பதும் மாமியின் நரம்பு திரும்புவதும் ஒன்றல்ல. ஆசிரியையாக அதை நான் கலந்து பேச மாட்டேன். ஆனால் "பொடி ஈயே படிக்குது, எனக்கென்ன" என்று மாமி சொல்லிக்கொண்டதை என்னால் தடுக்க முடியவில்லை.

அடுத்த வருட மாணவிகள் வந்தார்கள். மாமி ஆய்வகத்துக்கே வந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் முதல் குழலைத் திறந்ததும் தூரிகையை மேசையில் வைத்துவிட்டார்.

"என்ன மாமி? கண்ணு வலிக்குதா?"

"இல்ல புள்ள. வேற ஆளப் பாத்துக்க. நான் இனிமே இத எண்ணக் கூடாது."

"ஏன்?"

"இது அன்னாசி" என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். மாணவிகளுக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. மாமி என்னை விலக்கிவிட்டு, இன்னொரு குழலையும் முகர்ந்து பார்த்தார். அது மங்கலாகத்தான் தெரிகிறது என்றார். முழுதாக இன்றுவரை திரும்பவில்லை. பாதாமும் ஏலக்காயும் இன்னும் பிடிபடவில்லை. ஆனாலும் இப்போது கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வந்தால் மாமி போகிறார். தேக்சாவின் முன்னால் நின்று, தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்றும் பண்டாரியிடம் சொல்கிறார். யாரும் அதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் மாணவிகள் இப்போது நீச்சல்காரர்கள் மாட்டுகிற மூக்குக் கிளிப்பைப் போட்டுக்கொண்டு எண்ணுகிறார்கள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பேச முடியாமல், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. கிளிஞ்சல்மேட்டுப் பெண் ஒரு பெரிய ஊரில் இதே பழ ஈக்களை வைத்து முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நேர்காணலில், எண்ணிக்கையில் ஒருபக்கச் சாய்வு வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் மேமோட மாமியாரை உட்கார வைத்தோம் என்று ஆரம்பித்து அவள் முழுவதையும் சொல்லியிருக்கிறாள், வெல்லம் உட்பட. இடம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்தாள். இரண்டு வார்த்தை பேசியிருப்பாள், அதற்குள் அவசரம்.

"மேம், மாமிகிட்ட குடுங்க மேம் போனை."

கொடுத்தேன். மாமி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அவள் தங்கியிருக்கும் இடத்தில் சாப்பாடு எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார்.